முதல் வருஷ சென்டர் பையனை எப்படித் தேற்றுவது?

கேள்வி:
சேலத்தில் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இந்த வருஷம் சென்டராக, அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவனாக, ஒரு பையன் வந்திருக்கிறான், ஆறடி ஏழு அங்குலம், நல்ல கை நீளம், வளையத்தில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்கு, எழும்பினால் கிட்டே யாரும் நெருங்க முடியாது. ஆனால் பாதி ஆட்டத்துக்குள் நாலு ஃபவுல் வாங்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறான். வயிறு எரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்:
கையை இறக்கிப் பந்தைத் தட்டப் போகிறானா என்று பாருங்கள் அண்ணா. இரண்டு கையையும் நேராகத் தூக்கி, நின்ற இடத்திலேயே எழும்பினால், எதிராளி வந்து மோதினாலும் ஃபவுல் இவன்மேல் விழாது. பள்ளியில் உயரத்தை வைத்தே சமாளித்திருப்பான், காலை நகர்த்த யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

பதில்:
மைக்கன் டிரில் தினமும். வளையத்துக்கடியில் வலது, இடது என்று மாறி மாறிப் போர்டில் அடித்துப் போடட்டும், பந்து நெஞ்சுக்குக் கீழே இறங்கவே கூடாது, இறங்கினால் எதிரணியில் வெளியே நின்று ஆடும் குட்டையான ஆட்டக்காரர்கள் (கார்டுகள்) பிடுங்கிவிடுவார்கள். அப்புறம், ஸ்டாமினாவுக்கு என்று ஏற்காட்டு ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஓட விடாதீர்கள், இறக்கத்தில் அந்த எடைக்கு முட்டி தாங்காது.

கேள்வி கேட்டவர்:
சரிதான், கையைத்தான் இறக்குகிறான். நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கிறேன்.