ரிபிள்ஹெட் கல்பாலம்: நேரில் போனவர்கள் எழுதலாம்

மலைநடை:
இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் இருக்கும் ரிபிள்ஹெட் ரயில் பாலத்தின் படத்தை நம்மில் பலர் போட்டாயிற்று. போய்வந்த கதையை யாரும் எழுதக் காணோம், அதனால் நானே ஆரம்பிக்கிறேன். முதலில் ஒன்று: ரயிலில் உட்கார்ந்தபடி பாலத்தைப் பார்க்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே மேட்டுநிலமும் ஆடுகளும் ஓடும், அவ்வளவுதான். ரிபிள்ஹெட் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம் என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் தூணடியில் நின்று அண்ணாந்தபோது அந்தக் கணக்கெல்லாம் நினைவுக்கு வரவில்லை. தூண்கள் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். வளைவின் அடிப்பாகத்தில் மட்டும் செங்கல் சிவப்பு தெரியும். மேலே சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்து போனது, ஏதோ பொம்மை வண்டி மாதிரி.

கட்டடக்காரன்:
அடுத்த முறை போகிறவர்கள் தூண்களை எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள். ஒவ்வொரு ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும். வளைவு என்பது சுமையை நேராகக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். பக்கத்து வளைவு எதிர்ப்பக்கம் தள்ளுவதால்தான் நடுவிலுள்ள மெல்லிய தூண் தாங்குகிறது. ஒரு வளைவு விழுந்தால் அந்தச் சமநிலை போய், அடுத்ததும் அதற்கடுத்ததும் வரிசையாகச் சரியும். தடித்த தூண் தனியாகவே அந்தத் தள்ளலைத் தாங்கும், அதனால் சேதம் ஆறு வளைவோடு நின்றுவிடும். இந்தப் பாதையைப் போட்ட மிட்லண்ட் ரயில்வே நிறுவனத்தின் பொறியாளர் ஜான் சிட்னி கிராஸ்லி 1870களிலேயே இப்படி யோசித்திருக்கிறார். இன்னொன்று, வடக்கு முனை தெற்கைவிட ஏறக்குறைய 4 மீட்டர் உயரம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சரிவில் பாலம் கட்டுவதென்றால் எங்கள் சைட்டில் பாதிப் பேர் லீவு போட்டுவிடுவார்கள்.

வல்வைக்காரி:
நாங்கள் பிள்ளையளோட போன அண்டைக்குக் காத்தெண்டால் அப்பிடியொரு காத்து. குடை விரிக்கவே ஏலாது, சின்னவன்ர கையை நான் விடவேயில்லை. எங்களுக்குப் பக்கத்தில நிண்ட ஒரு ஐயா சொன்னார், 1964இல சரக்கு ரயில்ல ஏத்திக்கொண்டு போன புதுக் கார்களைக் காத்துத் தூக்கிக் கீழ எறிஞ்சதாம். பகிடி விடுறார் எண்டு நினைச்சன். வீட்டை வந்து தேடிப் பாத்தால் உண்மைதான், ஹம்பர் கார்கள். அதுக்குப் பிறகு பாலத்தைப் பாக்க எனக்கு வேற மாதிரித்தான் கிடக்குது.

பழங்கணக்கு:
எல்லோரும் பாலத்தையே அண்ணாந்து பார்க்கிறீர்கள். கீழே புல்வெளியில் மேடும் பள்ளமுமாகக் கிடப்பதையும் பாருங்கள். அது பேட்டி மாஸ், பாலம் கட்ட வந்த கூலியாட்கள் குடும்பத்தோடு மரக்குடிசை போட்டு வாழ்ந்த சதுப்பு நிலம். செபாஸ்டபோல், ஜெரிக்கோ என்றெல்லாம் அந்தக் குடியிருப்புகளுக்குப் பெயர். அந்த நிலமும் இன்று தனிச் சட்டப் பாதுகாப்பில் உள்ள தொல்லியல் இடம். விபத்திலும் அம்மையிலும் செத்தவர்கள் பலர். சேப்பல்-லெ-டேல் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கால ஆண், பெண், குழந்தைகள் என்று சுமார் 200 பேரைப் புதைத்திருக்கிறார்கள். பாலத்திலிருந்து அதிக தூரமில்லை. நான் போனபோது அங்கே வேறு யாருமே இல்லை, பாலத்தடியிலோ படமெடுக்கக் கூட்டம்.

லீட்ஸ்வாசி:
பாதுகாப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பாலம் இப்போது பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ‘Grade II*’, அதாவது இரண்டாம் தரத்திலேயே கூடுதல் சிறப்புள்ள பிரிவில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றும் எந்த வேலையும் செய்ய முடியாது. ஆனால் 1980களில் நிலைமையே வேறு. பாலம் பழுதாகிவிட்டது, சரிசெய்யச் செலவு தாங்காது என்று சொல்லி, பாலத்தின் வழியே போகும் செட்டில்–கார்லைல் ரயில் பாதையையே மூடப் பார்த்தார்கள். 1985இல் பாலத்தின் மேல் இரட்டைத் தண்டவாளத்தை ஒற்றையாக்கினார்கள், இன்றும் அப்படித்தான். மக்கள் எதிர்ப்புக் கடிதங்களாகக் குவித்தார்கள். பயணிகளின் ஆட்சேபம்தான் செல்லும் என்பது விதி. ரஸ்வார்ப் என்ற நாய் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்திருந்ததால் அதன் பாதத் தடமும் ஆட்சேபமாகக் கணக்கில் சேர்ந்தது! 1989இல் மூடும் திட்டத்தைக் கைவிட்டார்கள். பழுதுபார்க்க ஆன செலவும் பயமுறுத்திய அளவுக்கு வரவில்லை. எனக்கென்னவோ அந்தப் பழைய மதிப்பீட்டின் மேல் சந்தேகம் உண்டு.

வல்வைக்காரி:
நாய்க்கு என்ன நடந்தது? சின்னவன் கேக்கிறான்.

லீட்ஸ்வாசி:
1990 ஜனவரியில் அதன் எஜமானர் வேல்ஸ் மலையில் நடக்கப் போன இடத்தில் இறந்துவிட்டார். 11 வாரம் கழித்து உடலைக் கண்டெடுத்தபோது நாய் பக்கத்திலேயே இருந்தது. இறுதிச் சடங்கு வரை உயிரோடு இருந்து பிறகு அதுவும் இறந்துவிட்டது. கார்ஸ்டேல் ஸ்டேஷனில் நாய்க்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பையனைக் கூட்டிப் போங்கள். ரிபிள்ஹெட், டென்ட், அதற்கடுத்தது கார்ஸ்டேல். அந்தப் பாதையில் ரயிலுக்கு ரயில் இடைவெளி அதிகம், திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள்.