கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடும் வழு: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

சனிக்கிழமை திருகோணமலையில் கடைக்காரருக்கும் கூட்டுறவுச் சங்கக் கணக்காளருக்கும் வகுப்பு. கணக்கும் கையிருப்பும் பார்க்கும் மென்பொருளில், கடவுச்சொல் தெரியாதவரும் நுழைந்துவிடக்கூடிய வழுவுக்கு ஒரு சொல் வேண்டும். 2023 டிசெம்பரில் அப்பாச்சி ஓஎஃப்பிஸ் என்ற வணிக நிர்வாக மென்பொருளில் வெளியானதைத்தான் உதாரணம் காட்டுகிறேன். பெயரையும் கடவுச்சொல்லையும் வெறுமையாக விட்டு, இணைய முகவரியில் 'கடவுச்சொல் மாற்றம் தேவை' என்ற குறிப்பைச் சேர்த்தால் அது திறந்துவிட்டது.

ஆள் யாரென்று உறுதிசெய்யும் படியைத் தாண்டிப்போவது என்ற பொருளில் 'உறுதிப்பாட்டுத் தவிர்ப்பு' என்று எழுதியிருந்தேன். போன கிழமை ஒருவர், "அப்ப கடவுச்சொல்லை நீளமாக வைத்தால் சரிதானே?" என்று கேட்டார். சரியில்லை. யாரும் சரிபார்க்காத கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தும் என்ன? கைபேசிக்கு வரும் இலக்கமும் அப்படித்தான். சொல்லைக் கேட்டதுமே இது விளங்கவேண்டும்.

மூதூரிலிருந்து:

தம்பி, 'சுருங்கை' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. கோட்டைக்குள் போகும் கரந்த வழி. பிரெடரிக் கோட்டையை நினைத்துப் பாரும். கோணேசர் கோயிலுக்கு எல்லோரும் வாசலால் போகிறோம், வாசற்காவலுக்குத் தெரியாமல் போவது சுருங்கை. கிரேக்கத்தின் 'சிரிங்க்ஸ்' என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். குழல், துளை என்ற பொருள் இரண்டுக்கும் பொருந்தும். துளை என்று பொருள்படும் 'புழை'யையும் பார்க்கலாம், வீட்டின் பின்வாசலைச் சொல்லும் புழைக்கடை அதிலிருந்துதான்.

மட்டக்களப்பிலிருந்து:

ஐயா, மணிமேகலையில் 'சுருங்கைத் தூம்பின் மனைவளர் தோகையர்' என்று வரும் இடத்தில் அது கழிநீர் ஓடும் மூடுகால்வாய். பொருள் போகட்டும், கணக்காளருக்கு அகராதி கொடுத்தா பாடம் நடத்துவது? புழைக்கடையும் வேண்டாம், 'பின்கதவு' ஏற்கெனவே, வேண்டுமென்றே ஒளித்துவைத்த நுழைவழி என்ற வேறொரு பொருளில் நிலைத்துவிட்டது. நான் சொல்வது 'வினவா வாயில்'. அணையா விளக்கு, வாடா மலர் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். குற்றம் நுழைந்தவனைவிட வாயிலில்தான் என்பதும் தெரியும்.

கொழும்பிலிருந்து, நிரல் எழுதுபவள்:

அண்ணா, சொல் அழகு, ஆனால் ஓஎஃப்பிஸுக்குப் பொருந்தாது. அங்கே வாயில் வினவியது. கடவுச்சொல்லைச் சோதித்த செயற்கூறு (நிரலின் ஒரு பகுதி) 'வெற்றி' என்றும் சொல்லவில்லை, 'பிழை' என்றும் சொல்லவில்லை. 'கடவுச்சொல்லை மாற்று' என்றது. அந்தச் செயற்கூறை அழைத்த நிரல் 'பிழை'யை மட்டும் தேடியது. பிழை இல்லை, ஆகவே உள்ளே வா! 2020இல் சாப் நெட்வீவர் என்ற இன்னொரு நிறுவன மென்பொருளில் வந்தது வேறு. அங்கே முக்கியமான ஒரு சேவையில் சோதனையே இல்லை. இரண்டையும் தாங்குகிற சொல் 'சான்றின்றி நுழைவு'. குறிப்பேட்டில் தீர்வையும் சேர்த்துவிடுங்கள்: 'ஆம்' என்று தெளிவாக வந்தாலொழிய மறுக்கும்படி நிரல் எழுதவேண்டும். கடைக்காரர் செய்யக்கூடியது, திருத்திய பதிப்பை உடனே நிறுவுவது (ஓஎஃப்பிஸில் இந்த வழு 18.12.11 பதிப்பில் திருத்தப்பட்டது), நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைக்காமல் இருப்பது, யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேட்டைப் பார்ப்பது.

திருகோணமலையிலிருந்து:

நன்றி தங்கச்சி. நண்பர்களில் நால்வர் 'சான்றின்றி நுழைவு' என்கிறார்கள், இருவர் 'லொகின் இல்லா நுழைவு' போதும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்; முதலாவதையே போடுகிறேன்.

மூதூரிலிருந்து:

அது கலைச்சொல் இல்லை தம்பி, விளக்கம். அச்சிடும், தடுக்கவில்லை. சுருங்கைக்குப் பரிபாடலிலும் இடம் உண்டு, அடுத்த மடலில் எழுதுகிறேன்.