புளூட்டோவில் நின்றால் சாரன் உதிக்குமா, மறையுமா?

வானம்பாடி: புளூட்டோவின் பெரிய நிலவான சாரன் வானத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் என்று பையன் பள்ளியிலிருந்து வந்து சொல்கிறான். நிஜமா, இல்லை கதை விடுகிறானா?

மொட்டைமாடி: நிஜம்தான். புளூட்டோ தன்னைத்தானே சுற்ற 6.4 நாள், சாரன் அதைச் சுற்றிவரவும் அதே 6.4 நாள், அதனால் இரண்டும் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே சுற்றுகின்றன. எதிர்ப்பக்கத்தில் வீடு கட்டினால் ஆயுளுக்கும் சாரனைப் பார்க்க முடியாது!

வானம்பாடி: அடடா, மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

மொட்டைமாடி: நம் நிலாவைப் போல ஏழு மடங்கு அகலமாக. சாரனின் விட்டம் 1,212 கிமீ, புளூட்டோவில் பாதிக்குக் கொஞ்சம் மேல், தூரமோ 19,600 கிமீதான்.

பழையதட்டு: ஒன்று விட்டுப்போச்சு. இரண்டும் சுற்றும் பொதுமையம் புளூட்டோவுக்கு வெளியே இருக்கிறது, அதனால் இதை இரட்டைக் கோள் என்று சொல்வதே சரி என்பது என் கட்சி. அப்புறம், 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி கண்டுபிடித்தபோது சாரன் தனியாகத் தெரியவே இல்லை, புகைப்படத் தட்டில் புளூட்டோவின் ஓரம் லேசாகப் புடைத்திருந்தது, அந்தப் புடைப்பு சீராக இடம் மாறியது, அவ்வளவுதான்.