பொருள்: ஆஸ்துமா ஆய்வுகளில் ‘நோயறிதல்’ என்ற சொல் பொருந்துமா?

> ‘கேஸ் அசெர்ட்டெயின்மென்ட்’ என்பதற்கு ‘நோயறிதல்’ போதாதா? புழக்கத்தில் உள்ள சொல்தானே.

போதாது என்றே நினைக்கிறேன். கேஸ் அசெர்ட்டெயின்மென்ட் என்பது, ஓர் ஆய்வில் யார் யாரை நோயுள்ளவராகக் கணக்கில் எடுப்பது என்று கண்டறியும் வேலை. நோயறிதல் என்பது மருத்துவர் ஒரு குழந்தையைப் பரிசோதித்துச் சொல்லும் முடிவு. ஆய்வாளர் பல நேரம் குழந்தையைப் பார்ப்பதே இல்லை. பெற்றோரிடம் வினாப்படிவம் கொடுப்பார். மருத்துவமனைப் பதிவில் ஆஸ்துமாவுக்கான ஜே45 என்ற நோய்க்குறியீட்டைத் தேடுவார். இல்லையேல் இன்ஹேலர் எழுதிய மருந்துச்சீட்டுகளை எண்ணுவார். இம்மூன்று வழிகளிலும் அதே குழந்தைகள் அகப்படுவதில்லை. மருத்துவரிடமே போகாத குழந்தை பதிவேட்டில் இராது. வைரஸ் சளியால் ஒருமுறை இன்ஹேலர் வாங்கிய குழந்தையோ மருந்துக் கணக்கில் ஏறிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே ஸ்பைரோமெட்ரிக்கு, அதாவது ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் சோதனைக்கு, ஊதவைப்பதும் கடினம். இவை எல்லாவற்றுக்கும் நோயறிதல் என்று எழுதினால், மருத்துவர் உறுதிசெய்த ஆஸ்துமா என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: ‘நோயர் இனங்காணல்’.

> நோயர் என்றாலும் நோய் உறுதி என்றுதானே ஆகிறது?

நல்ல கேள்வி. அதனால்தான் ‘நோயர் வரையறை’ என்ற சொல்லையும் சேர்த்தே ஆள வேண்டும் என்கிறேன். அந்த ஆய்வு வகுத்த வரையறைக்குள் வருபவரே அங்கே நோயர். வரையறையைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் கட்டுரையை நாம் ஏற்கக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது ‘வீசிங்’. 1991-இல் தொடங்கிய, குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றிய ஐசாக் என்ற பன்னாட்டு ஆய்வின் முக்கியமான கேள்வி, கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் வீசிங் அல்லது விசில் சத்தம் இருந்ததா என்பது. இதை ‘இரைப்பு’ என்றோ ‘இளைப்பு’ என்றோ பெயர்த்தால் கேள்வியே மாறிவிடும். ஓடி விளையாடிய எந்தக் குழந்தைக்கும்தான் மூச்சு இரைக்கும், இளைக்கும்! பெற்றோர் ‘ஆம்’ என்பார்கள், ஆஸ்துமா இல்லாத குழந்தைகளும் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். வீசிங் ஓர் ஒலி. பெரும்பாலும் மூச்சை வெளிவிடும்போது கேட்பது. மொழிக்கு மொழி இந்தச் சிக்கல் இருந்ததால்தான் 13-14 வயதினருக்கு ஐசாக் காணொளி வினாப்படிவமும் வைத்திருந்தது.

கட்டுரைகளில் ‘சீழ்க்கை மூச்சு’ என்று எழுதலாம். வினாப்படிவத்தில் கலைச்சொல்லே வேண்டாம். ‘மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் கேட்டதா?’ என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் புரியும். ‘வீசிங்’ என்று பேச்சில் வழங்குவதையும் பக்கத்தில் போடலாம்.

‘இரைப்பு’ என்பதை மூச்சு வாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள யாருக்கேனும் மறுப்பு உண்டா? சித்த மருத்துவம் அறிந்தவர்கள் சொல்லுங்கள், அங்கே அது நோயின் பெயராகவே வழங்குகிறது.