ஒளிரும் தோல் கைப்பையில் சார்ஜ் ஏறவில்லை, செயலியும் நீக்கப்பட்டுவிட்டது: உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். மேல்மடிப்பின் உட்துணியில் ஒளியிழைகள் நெய்யப்பட்ட உயர்தரத் தோல் கைப்பை ஒன்றை என் அக்கா எனக்குக் கொடுத்திருந்தார். மடிப்பைத் திறந்தால் துணி முழுவதும் ஒளிரும். நிறத்தைக் கைப்பேசிச் செயலி மூலம் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுகள் அலமாரியில் இருந்த பையை அண்மையில் எடுத்தபோது அது ஒளிரவில்லை. மடிக்கணினியின் டைப்-சி சார்ஜரில் இணைத்தால் எதுவுமே நடப்பதில்லை. பழைய யூஎஸ்பி-ஏ சார்ஜரில் இணைத்தால் சிவப்பு விளக்கு அரை நொடி எரிந்து அணைந்து, மீண்டும் அதையே செய்துகொண்டிருக்கிறது. தயாரித்த நிறுவனம் இந்த மாதிரிக்கு இனிப் பழுதுபார்ப்பு இல்லை என்று சொல்லிவிட்டது, செயலியையும் நீக்கிவிட்டது. தோல் சேதமாகாமல் பையைத் திறப்பது எப்படி என்றும், செயலி இல்லாமல் நிறத்தை மாற்ற வழி உண்டா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கைப்பேசி பழுதுபார்ப்பவர்:
இரண்டு சார்ஜர்களில் தெரிவது இரண்டு வேறு காரணங்கள். டைப்-சி துளையின் இரண்டு சிசி முனைகளிலும் (கருவி இணைந்திருப்பதைச் சார்ஜர் அறியும் முனைகள்) கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருந்தால்தான், இருபுறமும் சி முனை உள்ள கேபிளில் சார்ஜர் மின்சாரம் தரும். சிறு கருவிகள் பலவற்றில் அந்த ரெசிஸ்டர்களை வைப்பதில்லை. எனவே அதைப் பழுது என்று கருதாமல், ஒரு முனை யூஎஸ்பி-ஏ, மறுமுனை டைப்-சி உள்ள கேபிளையே பயன்படுத்துங்கள். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதைப் பார்த்தால், பேட்டரி மிகவும் வடிந்துபோயிருக்கிறது அல்லது அதன் இணைப்பு விட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. இப்போதைக்குச் சார்ஜ் செய்வதை நிறுத்திவிடுங்கள்.

தோல் வேலை செய்பவர்:
வெளித்தோலின் தையலைத் தயவுசெய்து தொடாதீர்கள், ஏனெனில் துணியைப் போலன்றித் தோலில் விழுந்த ஊசித்துளை மூடுவதே இல்லை. பெரும்பாலான பைகளை உட்புறம் வெளியாகத் தைத்து, உள்துணியில் விட்ட ஓர் இடைவெளி வழியாகத் திருப்பி, கடைசியில் அந்த இடைவெளியை மூடுவார்கள். உட்பையின் அடிப்பகுதியை வெளியே இழுத்துப் பாருங்கள். மற்றத் தையலிலிருந்து சற்று வேறுபட்ட, விளிம்பையொட்டிய நேர்த்தையல் ஒரு சாண் நீளத்துக்குத் தெரியும். அதை மட்டும் தையல் பிரிப்பானால் மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து நூலை உருவினால், பிறகு அதே துளைகளில் கையால் தைத்துவிடலாம். பசை இருந்தாலும் சூடான காற்றைக் காட்ட வேண்டாம்; தோல் சுருங்கும், உள்ளே பேட்டரியும் இருக்கிறது.

கேட்டவர்:
நீங்கள் சொன்ன இடத்திலேயே தையல் இருந்தது, மிக்க நன்றி. உள்ளே நகத்தளவு மின்சுற்று போர்டும், 502535 என்று அச்சிட்ட 400 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியும் இருக்கின்றன. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என மூன்று கம்பிகள். மல்டிமீட்டரில் 1.1 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி தலையணை போல் லேசாக உப்பியிருக்கிறது. போர்டின் ஓரத்தில் நான்கு செப்புப் புள்ளிகளும் உள்ளன. அவற்றில் புரோகிராமரை (சிப்பின் நிரலைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) இணைத்து நிரலைப் படிக்கலாமா?

கைப்பேசி பழுதுபார்ப்பவர்:
அந்தப் பேட்டரியை உயிர்ப்பிக்க முயலவே கூடாது. அவ்வளவு தாழ்வாக வடிந்த லித்தியம் பேட்டரியில் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் செய்யும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். உப்பியதைக் குத்துவதும் அழுத்துவதும் தீ விபத்தில் முடியும். 502535 என்பது 5 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம் என்ற அளவு. அதே அளவில், பாதுகாப்புச் சர்க்யூட்டுடன் மூன்று கம்பி உள்ளதை வாங்குங்கள். மூன்றாவது கம்பி பொதுவாக வெப்பநிலை உணரியுடையது. பழைய பேட்டரியில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அறை வெப்பநிலையில் சுமார் 10 கிலோ ஓம் காட்டினால் அது உறுதியாகும். அந்த இடத்தில் வெறும் ரெசிஸ்டரைப் பற்றவைத்து போர்டை ஏமாற்றும் குறுக்குவழி உண்டு. உடலோடு ஒட்டித் தொங்கும் பையில் அதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன். கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய முனையை உடனே டேப்பால் மூடுங்கள். புதிய பேட்டரியின் கனெக்டர் பொருந்தினாலும் கம்பிகளின் வரிசை தலைகீழாக இருக்கக்கூடும், ஆகவே மீட்டரால் பார்த்த பிறகே செருகுங்கள்.

நுண்செயலி ஆர்வலர்:
போர்டில் உள்ள ஐ.சி.யின், அதாவது சிப்பின், எண்ணைப் பாருங்கள். அது நார்டிக் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப்.52 என்ற புளூடூத் சிப் வகையாக இருந்தால், புரோகிராமரைத் தொடாதிருப்பதே நல்லது. பூட்டப்பட்ட அந்த ஐ.சி.யைத் திறக்க முயன்றால் முழு நினைவகமும் அழிந்துவிடும். நிரலின் பிரதி உங்களிடம் இல்லாத நிலையில் பை நிரந்தரமாக இருண்டுவிடும். புளூடூத் வழியே போவதுதான் பாதுகாப்பானது. பழைய செயலி எந்தக் கைப்பேசியிலாவது மிஞ்சியிருக்கிறதா?

கேட்டவர்:
ஐ.சி.யில் என்52832 என்றிருக்கிறது. அக்காவின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலி இன்னும் இருக்கிறது, திறக்கவும் செய்கிறது.

நுண்செயலி ஆர்வலர்:
அது நான் சொன்ன என்.ஆர்.எஃப்.52 வகைதான், எனவே புரோகிராமர் வேண்டாம். செயலியும் இருப்பதால் பாதி வேலை முடிந்தது. புதிய பேட்டரியைப் பொருத்திய பின், அந்தக் கைப்பேசியின் டெவலப்பர் அமைப்புகளில் புளூடூத் எச்.சி.ஐ. பதிவை (கைப்பேசியின் புளூடூத் பரிமாற்றங்களைக் கோப்பில் சேமிப்பது) இயக்கி, செயலியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பதிவுக் கோப்பை வயர்ஷார்க் என்ற கணினி மென்பொருளில் திறந்து, பைக்கு எழுதப்பட்ட பைட்டுகளை வரிசையாக ஒப்பிட்டால், நிறத்துக்கேற்ப மாறுபவை எவை என்பது கண்ணுக்கே தெரியும். அதே பைட்டுகளை என்.ஆர்.எஃப். கனெக்ட் என்ற புளூடூத் சோதனைச் செயலியிலிருந்து அனுப்பிப் பாருங்கள். அந்தச் செயலி காட்டும் பட்டியலில் எஃப்.ஈ.59 என்ற சேவை இருந்தால் அதில் மட்டும் எதையும் எழுதாதீர்கள், அது நிரலைப் புதுப்பிப்பதற்கான வாசல்.

கேட்டவர்:
புதிய பேட்டரியைப் பொருத்திவிட்டேன். சிவப்பு விளக்கு சீராக எரிந்து, 4.19 வோல்ட்டில் சார்ஜ் தானாக நின்றது. பதிவில் ஒவ்வொரு கட்டளையும் ஐந்து பைட்டுகள்: முதல் பைட்டு மாறுவதில்லை, அடுத்த மூன்றும் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகள், கடைசி பைட்டு அந்த மூன்றின் கூட்டல். அந்தக் கூட்டலைச் சரியாகப் போடாதவரை பை அசையவே இல்லை. போட்டதும் என் கைப்பேசியிலிருந்தே மடிப்பு முழுவதும் வெளிர் நீலமாக ஒளிர்ந்தது. அக்காவுக்கு உடனே படம் அனுப்பினேன். இரண்டு நாள் பேட்டரி சூடாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்துணியைத் தைக்கப் போகிறேன். அதற்குப் பருத்தி நூல் போதுமா, பாலியஸ்டர் நூல்தான் வேண்டுமா?

தோல் வேலை செய்பவர்:
பாலியஸ்டர்தான். பழைய நூலின் அதே தடிமனில் எடுங்கள். தடித்த நூல் அந்தத் துளைகளைக் கிழித்துவிடும்.