புதுப்பிப்பு: ஐந்து மாதமாகியும் எலும்பு கூடவில்லை என்று கேட்டிருந்தேன்

அம்மாவின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவு பற்றிக் கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பாராதைராய்டு ஹார்மோனையும் (ரத்தத்தில் கால்சியம் அளவைக் கவனித்துக்கொள்ளும் ஹார்மோன்) வைட்டமின் டி-யையும் ரத்தத்தில் டெஸ்ட் செய்து பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது.

வைட்டமின் டி வெறும் 9. 20-க்குக் கீழே போனாலே குறைவு. பாராதைராய்டு ஹார்மோன் 118. பொதுவாக 65-ஐத் தாண்டாது. தைராய்டு சரி.

எதிர்பாராதது, கால்சியம் சரியாகவே இருந்தது. வைட்டமின் டி குறைவால் உணவிலிருந்து கால்சியம் போதிய அளவு சேராததால், ரத்தத்தில் அளவு குறையாமலிருக்க பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக் கொடுத்திருக்கிறது. முதல் டெஸ்டில் கால்சியம் சரி என்று பார்த்து நாங்கள் ஏமாந்தது இதில்தான்.

டாக்டர் சொன்னபடி மூன்று மாதம் வைட்டமின் டி. ஹார்மோன் 54-க்கு இறங்கியது. அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவுக் கோட்டுக்குக் குறுக்கே புது எலும்பு வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. மாத்திரையால் மட்டுமா, நாள் ஆனதாலுமா, பிரித்துச் சொல்ல முடியாது. வாக்கரை இன்னும் விடவில்லை.