ஓட்டல் அறையில் விட்டுப்போகும் லேப்டாப்பை யாராவது திறந்தால் தெரியுமா?

மலைக்காற்று:
வேலை விஷயமாக அடிக்கடி ஓட்டலில் தங்குகிறேன். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி), பயாஸ் பாஸ்வேர்டு (விண்டோஸ் வரும் முன்பே கேட்பது) இரண்டும் உண்டு. நான் வெளியே போன நேரத்தில் யாராவது அடிமூடியைக் கழற்றி எதையாவது செருகினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்புளி:
ஜிகினா கலந்த நெயில் பாலிஷை ஸ்குரூக்கள் மேல் தடவி, காய்ந்ததும் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். துகள்கள் விழுந்த விதத்தை அப்படியே திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. சீல் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், பலதும் ஹேர் டிரையர் சூட்டிலேயே உரிந்துவிடும்.

பழைய மவுஸ்:
அது சரி, ஆனால் ஸ்குரூவைத் தொடாமலே யுஎஸ்பி வழியாக பூட்லோடரை (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலை) மாற்றலாமே. 2009இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா, டிஸ்க்கைப் பூட்டும் ட்ரூகிரிப்ட் மென்பொருள் போட்ட கணினியில் செய்தே காட்டினார். செக்யூர் பூட் (கையெழுத்து சரியில்லாத பூட்லோடரை ஓடவிடாத வசதி) இருந்தால் அதை அணைக்காதீர்கள். பிட்லாக்கருக்கு டிபிஎம்மோடு (டிஸ்க்கின் சாவியைக் காக்கும் சிப்) பின் நம்பரும் வையுங்கள். இல்லாவிட்டால், டிபிஎம் தனிச் சிப்பாக உள்ள பல மாடல்களில் அந்தச் சாவி மதர்போர்டில் போகும் வழியிலேயே அதைப் பிடித்துவிடலாம்.

மலைக்காற்று:
கென்சிங்டன் பூட்டு (லேப்டாப்பை கேபிளால் மேசையோடு பிணைப்பது) உதவுமா?

திருப்புளி:
அது தூக்கிக்கொண்டு ஓடுபவனுக்கு மட்டும்தான். அப்புறம், சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினால் பழைய பூச்சைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசி வேறு போட்டோ எடுங்கள்.